பைத்தான் லிஸ்ட்டை சி++ செயற்கூறுக்கு அனுப்புவது எப்படி?

12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில், பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடம் உள்ளது. அதை நடத்தும்போது, "பைத்தானில் இருக்கும் மதிப்பெண் பட்டியலை அப்படியே சி++ செயற்கூறுக்குக் கொடுக்கலாமா சார்?" என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. கொடுக்கலாம், ஆனால் 'அப்படியே' கொடுக்க முடியாது. காரணத்தை விளக்கினால், 11ஆம் வகுப்பில் படித்த அணியும் முகவரியும் அவர்களுக்கு இன்னும் தெளிவாகும்.

பைத்தான் லிஸ்ட்டில் மதிப்பெண்கள் நேரடியாக இருப்பதில்லை. அவை நினைவகத்தில் தனித்தனிப் பொருள்களாக இருக்கும். லிஸ்ட்டில் அவற்றின் முகவரிகள் மட்டுமே இருக்கும். சி++ அணியிலோ எண்களே அடுத்தடுத்து அமர்ந்திருக்கும். ஓர் இன்ட்டுக்கு 4 பைட் என்றால், 5 மதிப்பெண்களுக்குத் தொடர்ச்சியாக 20 பைட்.

இந்த இரண்டையும் இணைக்க, பைத்தானுடனேயே வரும் 'சிடைப்ஸ்' தொகுதி உதவுகிறது. செய்ய வேண்டியவை:

1. சி++ செயற்கூறின் முன் 'எக்ஸ்டர்ன் சி' என அறிவிக்க வேண்டும். இல்லையெனில் தொகுப்பான் பெயரை மாற்றிவிடும். பைத்தானால் அதைக் கண்டுபிடிக்க இயலாது. பிறகு நிரலைப் பகிர்வு நூலகமாகத் தொகுக்க வேண்டும்.

2. பைத்தானில் 5 இடங்கள் கொண்ட சி வகை இன்ட் அணியை உருவாக்கி, லிஸ்ட்டின் மதிப்புகளை அதில் நகலெடுக்க வேண்டும்.

3. அணியுடன் 5 என்ற எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

மூன்றாவது படியைத்தான் மாணவர்கள் சாதாரணமாக நினைக்கிறார்கள். செயற்கூறுக்குச் சென்று சேர்வது முதல் உறுப்பின் முகவரி மட்டுமே. அணியின் நீளம் அதற்குத் தெரியாது. 5க்குப் பதில் 6 என்று கொடுத்தால், பைத்தான் லிஸ்ட்டைப் போல 'அந்த இடம் இல்லை' என்ற பிழைச்செய்தி வராது. அடுத்த 4 பைட்டில் கிடப்பதையும் மதிப்பெண்ணாகக் கூட்டிவிடலாம். நிரல் நின்றுபோனால் பிழை இருப்பதாவது தெரியும். தவறான மொத்தம் அமைதியாகத் திரையில் வந்தால், யாருக்கும் சந்தேகமே எழாது.

இன்னொன்று: செயற்கூறு அணியில் செய்யும் மாற்றம் பழைய லிஸ்ட்டில் தெரியாது; தேவையெனில் திரும்ப நகலெடுக்க வேண்டும்.

செய்முறை வகுப்பில் முதலில் மொத்தத்தைத் தாளில் கூட்டச் சொல்லுங்கள். பிறகு நிரலை இயக்கி ஒப்பிடச் செய்யுங்கள். விடை வந்துவிட்டது என்பதற்கும் விடை சரி என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தாங்களே உணர்வார்கள்.