காரை உடைச்சுட்டாங்க: இன்ஷூரன்ஸுக்கு போன் பண்றதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

போன வாரம் ஏன் வீடியோ வரலன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஷூட் பண்ணி வச்ச ஃபைல் எல்லாம் இருந்த லேப்டாப் இப்போ என்கிட்ட இல்ல. என்ன ஆச்சு, அதுல என்ன தப்பு பண்ணேன், எவ்வளவு செலவாச்சுன்னு இங்கேயே எழுதிடறேன்.

திருச்சியில் சொந்தக்காரர் வீட்டு ரிசப்ஷன். மதுரை ஆபீஸ்ல இருந்து நேரா கிளம்பிப் போனோம். மண்டபத்து பார்க்கிங் நிரம்பிடுச்சு, பக்கத்துத் தெருவில் ஓரமா காரை நிறுத்தினேன். காருக்குள்ளயே சட்டையை மாத்தி வேட்டி கட்டிக்கிட்டேன். வேட்டியில் ஏது பாக்கெட்? பர்ஸ், வீட்டுச் சாவி எல்லாத்தையும் லேப்டாப் பைக்குள்ள போட்டு, பையைப் பின் சீட்ல வச்சு, மேல ஒரு துண்டைப் போர்த்தி விட்டேன். துண்டு போர்த்தினா தெரியாதாம்! போனை மட்டும் சட்டைப் பையில் வச்சுக்கிட்டேன். மொய் எழுதி, சாப்பிட்டு, நாலு பேர்கிட்ட பேசிட்டு வர ஒன்றரை மணி நேரம் ஆச்சு.

திரும்பி வந்தா பின் கதவுக் கண்ணாடி இல்ல. சீட் முழுக்கக் கற்கண்டு கொட்டின மாதிரி கண்ணாடித் துண்டு. பை போச்சு, துண்டு இருந்துச்சு.

அந்த நேரத்துல மனசு லேப்டாப்பைத்தான் நினைக்கும். எனக்கும் அப்படித்தான். "புதுசு, ரெண்டு வருஷம்கூட ஆகல"ன்னு புலம்பிக்கிட்டு நின்னேன். என் மனைவிதான் கேட்டாங்க: "என்னங்க, வீட்டுச் சாவியும் அதுலதானே இருந்துச்சு? லைசென்ஸும் பர்ஸ்லதானே?"

சாவியும் இருக்கு, அது எந்த வீட்டுச் சாவின்னு சொல்ற முகவரியும் லைசென்ஸ்ல அச்சடிச்சு இருக்கு. வீடு பூட்டிக் கிடக்கு. உடனே எதிர் வீட்டு அண்ணனுக்கு போன் பண்ணி, வெளி கேட்டுக்கு அவர் வீட்டுப் பூட்டு ஒன்னைப் போடச் சொன்னோம். மறுநாள் காலையில் பூட்டையே மாத்தினோம். 1,400 ரூபாய்.

நான் உங்களுக்குச் சொல்ல வர்றதே இதைத்தான். திருடு போனது ஒரு கணக்கு. அதை வச்சு இன்னும் என்ன போகும்ங்கிறது வேற கணக்கு. முதல் கணக்கு முடிஞ்சு போச்சு, அழுதாலும் மாறாது. ரெண்டாவது கணக்கு அந்த நிமிஷம்தான் திறக்குது, அதை மூடுறது உங்க கையில் இருக்கு. அதனால கண்ணாடி உடைஞ்ச காரை நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு, முதல்ல அந்த வேலையைப் பாருங்க.

கார்டுகளை வங்கி ஆப்லயே முடக்கிட்டேன், பத்து நிமிஷ வேலை. உங்க கார்டுல வைஃபை மாதிரி ஒரு குறி இருக்கா? அப்போ 5,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பர் இல்லாமலே தட்டிட்டுப் போகலாம். மறுநாள் காலையில் எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு: முடக்கப்பட்ட கார்டு, பரிவர்த்தனை மறுக்கப்பட்டது, தொகை 4,900. எடுத்தவருக்கு ஆர்பிஐ வரம்பு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

ஆர்பிஐ 2017 ஜூலை 6-ல் ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கு. அதன்படி, வாடிக்கையாளரோட கவனக்குறைவால் போன பணம்னா, வங்கிக்குத் தகவல் சொல்ற வரைக்குமான நஷ்டம் அவரோடது. சொன்னதுக்கு அப்புறம் நடக்கிறது வங்கியோட பொறுப்பு. அதனால எத்தனை மணிக்குச் சொன்னீங்கங்கிறதுக்கு ஆதாரம் வேணும். புகார் எண் வாங்குங்க, வர்ற மெசேஜை அழிக்காதீங்க. உங்க தப்பும் இல்ல, வங்கியோட தப்பும் இல்லாம மூணாவது ஆள் வழியா நடந்த மோசடின்னா, 3 வேலை நாளுக்குள்ள சொன்னா உங்க பொறுப்பு பூஜ்யம். போனும் சேர்ந்து போயிருந்தா சிம்மை முடக்குறதுதான் முதல் வேலை, ஏன்னா ஓடிபி எல்லாம் அங்கதான் வரும். கணக்குல இருந்து பணம் போயிடுச்சுன்னா 1930-க்குக் கூப்பிடுங்க. ஐஎம்இஐ நம்பரை சஞ்சார் சாத்தி தளத்துல முடக்கலாம், அதுக்குப் போலீஸ் புகார் நகல் கேட்கும்.

அடுத்து காசோலைப் புத்தகம். அதுல ரெண்டு தாள்ல கையெழுத்து போட்டு வச்சிருந்தேன். ஆமா, உங்களுக்கு மூணு வீடியோவில் "வெற்றுக் காசோலையில் கையெழுத்து போடாதீங்க"ன்னு சொன்ன அதே ஆள்தான். அப்பவே நெட் பேங்கிங்ல ஸ்டாப் பேமெண்ட் கொடுத்தேன். அப்புறம் ஈமெயில் பாஸ்வேர்டு. லேப்டாப்ல எல்லாக் கணக்கும் லாகின் ஆகியே இருந்துச்சு. மத்த எல்லாத்தோட பாஸ்வேர்டையும் மாத்துற வழி ஈமெயில் வழியாத்தான் போகுது, அதனால அதை மாத்தி, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறும்படி கொடுத்தேன்.

இதுவரைக்கும் என் சொந்தப் பிரச்சினை. அந்தப் பையில் ஒரு சின்ன ஜிப் பவுச்சும் இருந்துச்சு. அதுக்குள்ள நாலு டிஎஸ்சி டோக்கன். நாலும் என் கிளையண்ட்டுகளோடது.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: டிஎஸ்சின்னா டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ். பென்டிரைவ் மாதிரி இருக்கும். கம்பெனி ஃபைலிங், ஜிஎஸ்டி, டெண்டர் எல்லாத்துக்கும் பயன்படும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன்படி அது பேனாவால் போட்ட கையெழுத்துக்குச் சமம். அதே சட்டத்தோட 42-வது பிரிவு, அதை உரியவர் தன் கட்டுப்பாட்டில் வச்சுக்கணும்னும், வேற யார் கைக்காவது போச்சுன்னா தாமதிக்காம சான்றிதழ் தந்த நிறுவனத்துக்குச் சொல்லணும்னும் சொல்லுது. நடைமுறையில் என்ன நடக்குது? "நீங்களே வச்சுக்கோங்க சார், நான் எங்க வச்சுப் பாதுகாக்கிறது"ன்னு எல்லாரும் ஆடிட்டர்கிட்டயே கொடுத்துடுவாங்க. நாங்களும் வாங்கி டப்பாவில் போட்டு வச்சுக்குவோம். பாஸ்வேர்டு மறந்துடும்னு ஒரு ஸ்டிக்கர்ல எழுதி டோக்கன் மேலயே ஒட்டியும் வச்சுடுவோம்.

நானும் ஒட்டியிருந்தேன்.

ராத்திரி பதினொன்றரை மணிக்கு விருதுநகர்ல இருக்கிற ஒரு அண்ணாச்சிக்கு போன் பண்ணேன். எனக்கு அப்பா வயசு. நான் பிராக்டீஸ் ஆரம்பிச்சப்போ முதல்ல நம்பி ஃபைல் கொடுத்தவர். வார்த்தையே வரல. "அண்ணாச்சி, உங்க டிஜிட்டல் கையெழுத்து திருடு போயிடுச்சு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "பாஸ்வேர்டு தெரிஞ்சாத்தானே தம்பி போட முடியும்?"

அந்த இடத்துல பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. "அதுலயே ஒட்டி வச்சிருந்தேன் அண்ணாச்சி."

"சரி. இப்ப நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க."

திட்டியிருந்தாக்கூட எனக்குத் தேவலாம்னு இருந்துச்சு. சான்றிதழை ரத்து பண்ணச் சொல்லி அவரே கோரிக்கை அனுப்பணும், நான் அனுப்ப முடியாது. நாலு பேருக்கும் அன்னைக்கு ராத்திரியே போன்ல வழி சொல்லி அனுப்ப வச்சேன். மறுநாள் நாலும் ரத்தாச்சு. புது டோக்கன் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு அரசுத் தளத்துலயும் திரும்பப் பதிவு பண்ணி முடிக்கிறதுக்குள்ள ஒரு வாரம் ஓடிடுச்சு. செலவு என்னோடது. உங்க டோக்கன் உங்க ஆடிட்டர்கிட்ட இருந்தா, நாளைக்கே போய் வாங்கிட்டு வாங்க. அவர் கோவிச்சுக்க மாட்டார், கோவிச்சுக்கிட்டா என் பேரைச் சொல்லுங்க.

போலீஸ் ஸ்டேஷன்

அன்னைக்கு ராத்திரியே போனோம். ஸ்டேஷன் ரைட்டர், "லேப்டாப் காணோம்னு எழுதிக் கொடுங்க சார், சீக்கிரம் முடிஞ்சிடும்"னார். அப்படி எழுதாதீங்க. காணாமப் போனது வேற, திருடு போனது வேற. தமிழ்நாடு போலீஸ் தளத்துல ஆவணம் தொலைஞ்சா ஆன்லைன்ல பதிவு பண்ற வசதி இருக்கு. அது தொலைச்சவங்களுக்கு, கண்ணாடியை உடைச்சு எடுத்துட்டுப் போனதுக்கு இல்ல. புகார்ல "கண்ணாடியை உடைத்துத் திருடிச் சென்றுள்ளனர்"னு தெளிவா எழுதி, பொருள் பட்டியலையும் சீரியல் நம்பரையும் சேருங்க. லேப்டாப் பில் என் மெயில்லயே இருந்ததால சீரியல் நம்பர் கிடைச்சுது.

முதல்ல சிஎஸ்ஆர் ரசீது தருவாங்க. பொருளுக்கு இன்ஷூரன்ஸ் கேட்கப் போறீங்கன்னா பெரும்பாலும் எஃப்ஐஆர்தான் கேட்பாங்க, அதையும் விடாம வாங்குங்க. 2024 ஜூலை 1-லிருந்து பழைய 379 போய், பாரதிய நியாய சன்ஹிதாவோட 303-வது பிரிவுதான் திருட்டுக்கு. எஃப்ஐஆர் நகல் இலவசம். ஊருக்கு வந்த பிறகுதான் பார்த்தீங்கன்னாலும் பரவாயில்ல, எந்த ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம், அவங்க உரிய ஸ்டேஷனுக்கு மாத்தணும். பதிவு பண்ண மறுத்தா எழுத்துல எஸ்பிக்கு அனுப்ப சட்டத்துலயே வழி இருக்கு. மாநகரம்னா கமிஷனர் அலுவலகம்.

இப்போ இன்ஷூரன்ஸ் கணக்கு

கண்ணாடி மாத்த பில் 3,850 ரூபாய். என்கிட்ட காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருக்கு, கண்ணாடி உடைஞ்சதுக்கு கிளெய்ம் உண்டு. (வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா எதுவும் கிடையாது.) கண்ணாடிக்குத் தேய்மானமும் பிடிக்க மாட்டாங்க. ஆனா 1,500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம்மளோடது, அதுக்கு மேல உள்ள இன்ஜினுக்கு 2,000. ஆக எனக்குக் கிடைக்கிறது 2,850.

அதுக்கு நான் கொடுக்கிற விலை என்ன? நோ கிளெய்ம் போனஸ், என்சிபி. கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷத்துக்கும் 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும். ஒரு தடவை கிளெய்ம் பண்ணா அடுத்த ரினியூவல்ல பூஜ்யம். நான் இப்போ 35-ல் இருக்கேன். கிளெய்ம் பண்ணலன்னா அடுத்து 45, அப்புறம் தொடர்ந்து 50. பண்ணா 0, 20, 25, 35, 45ன்னு திரும்ப முதல்ல இருந்து ஏறணும். வித்தியாசத்தைக் கூட்டுங்க: 45, 30, 25, 15, 5. மொத்தம் 120 சதவீதம்.

சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 12,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. அஞ்சு வருஷத்துல நான் இழக்கிறது 14,400. அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. கார் பழசாக ஆகப் பிரீமியம் குறையும், அதனால கொஞ்சம் கம்மியாகலாம். அப்பவும் 2,850-ஐ வாங்கறதுக்காக அதைப் போலப் பல மடங்கை விடறேன். நான் கிளெய்ம் பண்ணல.

இதே கணக்கு உங்களுக்கு வேற மாதிரி வரலாம். டேஷ்போர்டைப் பிச்சு டச் ஸ்க்ரீனையும் எடுத்துட்டுப் போயிருந்தா, பில் நாற்பதாயிரம் வந்தா, யோசிக்காம கிளெய்ம் பண்ணுங்க. என்சிபி புரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தாலும் கதை மாறும். இந்த பாலிசி வருஷத்துலயே ஏற்கனவே ஒரு கிளெய்ம் பண்ணிட்டீங்கன்னா போனஸ் எப்படியும் போச்சு, இதையும் கேட்டுடுங்க. மாறா, சீக்கிரம் புதுக் கார் வாங்கப் போறீங்கன்னா இன்னும் ஜாக்கிரதை. என்சிபி காருக்கு இல்ல, உங்களுக்கு. புதுக் காரோட பெரிய பிரீமியத்துக்கும் அது கூடவே வரும். கிளெய்ம் பண்றதுன்னு முடிவெடுத்தா, சர்வேயர் பார்க்கிறதுக்கு முன்னாடி கண்ணாடியை மாத்திடாதீங்க. நான் மதுரை வரைக்கும் தாம்பூலப் பையைச் செல்லோ டேப்பால் ஒட்டிக்கிட்டுத்தான் ஓட்டினேன்.

சரி, லேப்டாப்? கார் பாலிசி காருக்குத்தான், காருக்குள்ள இருக்கிற பைக்கு இல்ல. தனிப்பட்ட பொருட்களுக்குன்னு ஒரு ஆட்-ஆன் விக்கிறாங்க. வாசகத்தைப் படிச்சுட்டு வாங்குங்க: பணம், நகை, காசோலை பெரும்பாலும் சேராது. தொழிலுக்கு லேப்டாப் தூக்கிட்டு அலையறவங்க, எலக்ட்ரானிக் கருவி பாலிசியில் வெளியே எடுத்துட்டுப் போறதுக்கும் சேர்த்து இருக்கான்னு கேட்டுப் பாருங்க. என்கிட்ட அது இல்ல. 62,000 ரூபாய் போனது போனதுதான்.

அதோட முடியல. நான் ஜிஎஸ்டி பதிவு உள்ளவன், அந்த லேப்டாப்புக்கு 11,160 ரூபாய் இன்புட் கிரெடிட் எடுத்திருந்தேன். ஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்) படி திருடு போன பொருளுக்கு கிரெடிட் கிடையாது, எடுத்ததைத் திருப்பணும். பயன்படுத்தின காலத்தைக் கழிச்சு எவ்வளவு திருப்புறதுங்கிறதை உங்க ஆடிட்டரோட உட்கார்ந்து பாருங்க. கடைக்காரங்க இதைக் கண்டிப்பா கவனிக்கணும்: காரில் இருந்த சரக்கு போனாலும் இதே விதிதான். வருமான வரியில் சரக்கு, தொழில் பணம் போனா வியாபார நஷ்டமா காட்ட வழி இருக்கு, அதுக்கு எஃப்ஐஆர்தான் ஆதாரம். லேப்டாப் மூலதனச் சொத்து, அப்படியே செலவுன்னு எழுத முடியாது. சம்பளக்காரர் சொந்தப் பொருளைத் தொலைச்சா வரியில் ஒரு பைசா சலுகை கிடையாது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பான், லைசென்ஸ் நகல் வெளியே சுத்துது. என் பேர்ல யாராவது கடன் வாங்கறாங்களான்னு பார்க்கணும். நாலு கிரெடிட் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமா தரணும். நாலையும் ஒரே நாள்ல எடுக்காம, மூணு மாசத்துக்கு ஒன்னா எடுக்கிறதா காலண்டர்ல போட்டு வச்சிருக்கேன்.

லேப்டாப் இன்னும் கிடைக்கல. அண்ணாச்சி புது டோக்கனைத் தன் வீட்டு பீரோவிலேயே வச்சுக்கிட்டார். போன வாரம் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கு விருதுநகர்ல இருந்து பஸ் ஏறி அவரே கொண்டு வந்தார். பாஸ்வேர்டு அடிக்கிறப்போ, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க தம்பி"ன்னார். திரும்பினேன்.