கிணற்று நீரும் வெள்ளித் துகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரே நம் கிணறுகளுக்கு ஆதாரம். தோட்டத்திலே தெளிக்கும் கிருமிநாசினியும் அவ்வழியே இறங்கக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத அந்நஞ்சை அறிவது எங்ஙனம்?

சர் சி. வி. இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல் வழிகாட்டுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒளியைத் தனக்கே உரிய வகையிற் சிதறச்செய்யும். மிக மங்கலான அச்சிதறல், கரடான வெள்ளிப் பரப்பில் வலுப்பெறுவது 1974இல் இங்கிலாந்தின் சவுதாம்டனில் தென்பட்டது.

ஆயினும் ஒட்டிய நஞ்சு அகலாவிடில் தகடு ஒருமுறைக்கே உதவும். ஆகவே, வெள்ளைப் பெயின்றிற் சேரும் தைத்தேனியம் ஈரொட்சைட்டு என்ற குறைகடத்தியின்மேல் வெள்ளி நுண்துகள்களைப் பதிக்கின்றனர். புற ஊதாக் கதிர் படும்போது நஞ்சு சிதையும். அலசிய தகடு மீண்டும் பயன்படும்.

இவை பெரும்பாலும் ஆய்வுகூடத்துப் பொருள்களே. நம் கிணற்றடிக்கு அவை வரும்வரை, மருந்தை அளந்து தெளிப்பதே நமக்குக் காவல்.