புதுக் காருக்கு முதல் ஆயில் எப்போது?

ஷோரூம் வாசலில் பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி, கார் தெருவுக்கு வந்ததுமே ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "ஆயிரம் கிலோமீட்டர்ல ஆயிலை மாத்திடுங்க சார், இல்லேன்னா இன்ஜின் போயிரும்" என்பது அதில் தவறாமல் வரும். அம்பாசடர் காலத்துக்கு அது சரிதான்.

சிலிண்டரின் உட்சுவரில், ஆயில் தங்குவதற்கென்றே மெல்லிய குறுக்குக் கோடுகளைக் கீறி அனுப்புகிறார்கள். பிஸ்டன் ரிங்குகள் அந்தக் கீறல்களின் முனைகளைத் தேய்த்துச் சுவரோடு பொருந்திக்கொள்ளும். உதிரும் உலோகப் பொடி ஆயிலில் கலந்து ஃபில்டரில் தேங்கும். அன்று கடைசல் துல்லியம் குறைவு, பொடி அதிகம், சீக்கிரம் மாற்றினார்கள். இன்று பல கார்களுக்கு 1,000 கி.மீ. சர்வீஸ் என்பது வெறும் பரிசோதனை. ஆயில் மாற்றம் பெரும்பாலும் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டில்தான். பிஎம்டபிள்யூவின் 'எம்' ரகக் கார்களுக்கோ 2,000 கி.மீ.யில் கட்டாயம் மாற்ற வேண்டும். ஹோண்டா அமெரிக்காவில் இதற்கு நேர்மாறாக, ஆலையில் ஊற்றிய ஆயிலை முன்கூட்டியே இறக்க வேண்டாம் என்கிறது. ஆகவே டேஷ்போர்டுக்குள் உறை பிரிக்காமல் கிடக்கும் கையேட்டை எடுத்துப் பாருங்கள். உங்கள் காருக்கு அது சொல்வதுதான் கணக்கு.

உண்மையில் ஆயிலைவிட, முதல் 1,000 கி.மீ. எப்படி ஓட்டுகிறோம் என்பதே முக்கியம். வண்டி எடுத்த வாரமே குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலையேறுவதும், திருச்சி நெடுஞ்சாலையில் குரூஸ் கன்ட்ரோலை ஒரே வேகத்தில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் போவதும் வேண்டாம். வேகம் கூடிக் குறைந்து மாற வேண்டும். ஆக்ஸிலேட்டரை அடியோடு மிதிக்கக் கூடாது. ஏற்றத்தில் டாப் கியரிலேயே திணறவிடுவதும் கெடுதல்தான். ரிங்குகள் பொருந்தும்வரை இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கலாம். அதனால் சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, டிப் ஸ்டிக்கை ஒருமுறை துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

பலர் ஏமாறுவது வேறோர் இடத்தில். காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போகும் கார் வருடத்துக்கு 3,000 கி.மீ. ஓடியிருக்கும். "பத்தாயிரம் ஆகலையே" என்று சர்வீஸைத் தள்ளிப்போடுவார்கள். கையேட்டில் 'எது முந்துகிறதோ அது' என்று இருப்பது கண்ணில் படாது. குறுகிய ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறாததால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். பிறகு கோளாறு வந்து வாரண்டி கேட்டால், தேதி தவறியதைத்தான் முதலில் காட்டுவார்கள்.

திருப்திக்காக 1,000 கி.மீ.யிலேயே மாற்ற நினைத்தால், கையேடு தடுக்காதவரை மாற்றலாம், பர்ஸுக்குத்தான் இழப்பு. ஆனால் 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றவிடாதீர்கள். பில்லில் ஆயிலின் கிரேடு, தேதி, கி.மீ. மூன்றும் இருக்கட்டும். வெளி ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாதென்று 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் கார் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அது மேல்முறையீட்டுக்குப் போனது. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்பேன்.

ஃப்ரீ சர்வீஸில் இலவசம் பொதுவாகக் கூலி மட்டுமே. புத்தம்புது இன்ஜினுக்கு 'ஃப்ளஷ்', 'அடிட்டிவ்' என்று சர்வீஸ் அட்வைசர் எழுதினால், கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். எஸ்டிமேட்டைப் படித்த பிறகே ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுங்கள். வேண்டாததை அடிக்கச் சொல்லுங்கள். பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

தகராறு வந்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணமும் கிடையாது.