பழைய காருக்குப் பொருந்தும் நிறம்

சாரி ஒன்றுக்குச் சட்டைத் துணி எடுக்கக் கடைக்குப் போகிறீர்கள். சாரியைக் கையோடு கொண்டு போகாமல் “சிவப்புத் துணி தாருங்கள்” என்று கேட்பீர்களா? கேட்க மாட்டீர்கள். சாரியின் ஓரத்தைத் துணியோடு சேர்த்து வைத்துப் பார்ப்பீர்கள். அத்தோடும் திருப்திப்படாமல், கடை விளக்கை நம்பாது, இரண்டையும் வாசலுக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் பார்ப்பீர்கள். பிறகுதான் காசைக் கொடுப்பீர்கள்.

இந்தப் பழக்கம் உள்ள ஒருவரிடம் முதலில் கேட்டிருந்தால், நான் ஒரு காரின் கதவைப் பழுதாக்கியிருக்க மாட்டேன்.

மர்ஹூமான என் மாமனார் விட்டுச் சென்ற 1983ஆம் ஆண்டு டொயோட்டா கொரொல்லா எங்கள் வீட்டில் இருக்கிறது. சிவப்பு நிறம். என் மனைவியும் அவருடைய சகோதரிகளும் பள்ளிக்கூடம் போனது அதிலேதான். ஒரு நாள் மதிற்சுவரில் உரசி, முன் கதவில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் பெயர்ந்து விட்டது. எஞ்சின் பக்கத்துத் தகட்டில் இருந்த நிற இலக்கத்தைக் குறித்துக் கொண்டு போய், அதே இலக்கத்தில் ஒரு சிறு பேணி பெயின்ட் கலந்து வாங்கி வந்தேன். இலக்கம் சரி, ஆகவே நிறமும் சரி என்று நம்பித் தூரிகையால் பூசியும் விட்டேன். காய்ந்த பிறகு பார்த்தால், கதவில் யாரோ வெற்றிலை துப்பியது போல் இருந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் விட்டார். அதுதான் எனக்குக் கவலையாகப் போயிற்று.

முழுக் காருக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்து விடலாம் என்றார்கள் சிலர். மனைவிக்கு அதில் விருப்பமில்லை. “அது வாப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த பெயின்ட்” என்றார். உண்மைதான். தொழிற்சாலையில் பூசிய பெயின்டைச் சுரண்டி எடுத்து விட்டால், எத்தனை இலட்சம் கொடுத்தாலும் அது திரும்பி வராது.

2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய காரைப் பேணிக் கொள்ளாத குடும்பம் குறைவு. எனவே நான் பட்டுத் தெரிந்து கொண்டதை உங்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

இலக்கம் சொல்வது பிறந்த நிறத்தை

ஒவ்வொரு காருக்கும் நிற இலக்கம் உண்டு. ஜப்பானியக் கார்களில் பெரும்பாலும் எஞ்சின் அறையின் பின்சுவரிலோ, சாரதிப் பக்கக் கதவு நிலையிலோ உள்ள தகட்டில் அது பொறிக்கப்பட்டிருக்கும். டொயோட்டாவில் 040 என்றால் வெள்ளை. ஹொண்டாவில் என்.எச். 578 என்பதும் வெள்ளையே. அதன் பெயர் ‘டஃபெட்டா வைட்’. நீங்கள் அறிந்த டஃபெட்டா துணியின் பெயர்தான். இரண்டும் வெள்ளை என்பதற்காக ஒன்றுக்கு மற்றதைப் பூசினால் தேங்காய்ப்பாலையும் பசும்பாலையும் அருகருகே வைத்தது போல் வித்தியாசம் தெரியும்.

இந்த இலக்கம் ஒரு சமையற் குறிப்புப் போன்றது. எந்தச் சாயம் எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். கடையில் தராசில் நிறுத்துக் கலப்பார்கள். ஆனால் ஒரே குறிப்பை வைத்து இரண்டு வீட்டில் சமைத்தால் ஒரே ருசியா வருகிறது? தொழிற்சாலையிலும் அப்படித்தான். ஒரே இலக்கத்தில் வந்த கார்களிடையே சிறு வித்தியாசங்கள் உண்டு. அதனால்தான் பெயின்ட் நிறுவனங்கள் ஒரே இலக்கத்துக்குப் பல மாற்றுக் கலவைகளை வைத்திருக்கின்றன.

அதன்மேல் வெயில் வேலை செய்கிறது. சூரியனின் புறஊதாக் கதிர் சாயத்தையும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பசையையும் சிதைக்கிறது. மேற்பரப்பு சுண்ணாம்புத் தூள் போலாகி வெளிறிப் போகிறது. சிவப்பு இதில் மிகவும் அடிபடும் நிறம். டிக்கியின் உள்ளே பாருங்கள், கார் பிறந்த நாளின் நிறம் இருக்கும். போனட்டின் மேலே பாருங்கள், இன்றைய நிறம் இருக்கும். நீங்கள் பூசப் போவது வெளியே. ஆகவே பொருந்த வேண்டியதும் இன்றைய நிறத்துக்கே.

இடையில் யாராவது வேறு நிறம் அடித்திருந்தால் இலக்கத்தால் பயனேயில்லை. கதவு றப்பரின் ஓரத்தில் பெயின்ட் படிந்திருக்கிறதா, உள்ளும் வெளியும் ஒரே நிறம்தானா என்று முதலில் பார்த்துக் கொள்ளுங்கள்.

முதலில் பொலிஷ், பிறகு பெயின்ட்

நான் விட்ட பெரிய பிழை இதுதான். அழுக்கும் வெளிறலும் படிந்த கதவோடு புதுப் பெயின்டை ஒப்பிட்டால் அது ஒருநாளும் பொருந்தாது. காரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காயத்தைச் சுற்றியுள்ள இடத்தைக் கட்டிங் பொலிஷ் போட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள்.

தேய்க்கும்போது வெள்ளைத் துணியில் காரின் நிறம் ஒட்டினால், அது ஒரே வகைப் பெயின்டாய்ப் பூசிய பழைய முறை. செத்துப்போன மேற்பரப்பு போய், உள்ளிருந்து நிறம் மீண்டு வரும். துணியில் நிறம் ஒட்டாவிட்டால், நிறத்தின் மேல் கண்ணாடி போன்ற தெளிந்த பூச்சு ஒன்று இருக்கிறது என்று பொருள். அந்தப் பூச்சின் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன். நம் தலைமுடியை விட மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் போய் விடும், கவனம்.

சாரியைக் கொண்டு போவது போல

எங்கள் ஊர்ப் பெயின்ட் பாஸ் என் கதவைப் பார்த்துச் சிரித்தார். “மௌலவி, நீங்கள் பூசியிருப்பது இந்தக் கார் பிறந்தபோது இருந்த நிறம். இதற்கு இப்போது நாற்பது வயது தாண்டி விட்டதே!” என்றார். நான் பூசியதைத் தின்னரால் துடைத்தெடுத்தார். கதவைப் பொலிஷ் செய்தார். பிறகு பெற்றோல் ஊற்றும் இடத்து மூடித் தகட்டைக் கழற்றி, அதையும் பொலிஷ் செய்து என் கையில் தந்தார். “கலக்கும் இடத்துக்கு இதைக் கொண்டு போங்கள்” என்றார்.

அந்தச் சிறு தகடுதான் சாரியின் ஓரம். கடைக்காரர் இலக்கத்தின்படி கலந்து, தகட்டோடு ஒப்பிட்டு, சொட்டுச் சொட்டாகச் சாயம் சேர்த்துத் திருத்தலாம். நிறத்தை அளக்கும் கருவி உள்ள கடைகளும் இருக்கின்றன. அதன் பிறகும் தீர்ப்புச் சொல்வது கண்தான்.

ஒப்பிடும்போது மூன்று விடயங்களை மறக்காதீர்கள். ஒன்று, ஈரப் பெயின்டின் நிறம் வேறு, காய்ந்ததன் நிறம் வேறு. காயும் வரை காத்திருங்கள். இரண்டு, கடை விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரு நிறங்கள் வெயிலில் இரண்டாகத் தெரியலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று, நேராக மட்டுமன்றிச் சாய்வாகவும் பாருங்கள்.

பாஸ் மூன்று மாதிரிகளைத் தகரத் துண்டுகளில் பூசிக் காயவைத்துத் தந்தார். எனக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. மனைவி வாசலில் நின்று ஒரு முறை பார்த்தார், “மூன்றாவது” என்றார். இதில் வியப்பில்லை. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிய முடியாத குறை பெண்களை விட ஆண்களுக்கே மிக அதிகம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்கள் 12 பேருக்கு ஒருவர், பெண்கள் 200 பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. ஆகவே நிறம் பார்க்கும் வேலையை வீட்டு ஆண்களிடம் மட்டும் விட்டு விடாதீர்கள்.

மினுங்கும் நிறங்கள்

மெட்டாலிக் பெயின்டில் நுண்ணிய அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். இரட்டைச் சாயல் பட்டு பக்கத்துக்கொரு நிறம் காட்டுவது போல, செதில்கள் படுத்திருக்கும் விதத்தைப் பொறுத்து அதன் நிறம் மாறும். தூரிகையால் பூசினால் செதில்கள் தாறுமாறாகக் கிடக்கும். கலவை சரியாக இருந்தும் இடம் கறுத்துத் தெரியும். கல் பட்ட சிறு புள்ளியை நீங்கள் நிரப்பலாம். பெரிய கீறலை, விசிறி அடித்து ஓரங்களை மெல்ல மங்கச் செய்யத் தெரிந்த கைகாரரிடம் விடுவதே நல்லது.

சிறு காயத்தை வீட்டிலேயே ஆற்ற

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் இதைத் தாமதிக்கக் கூடாது. உப்புக் காற்றில் சிறு புள்ளியும் விரைவில் துருவாகும்.

முதலில் கழுவி உலர்த்தி, பெயின்ட் கடையில் கிடைக்கும் மெழுகு நீக்கியால் துடையுங்கள். மெழுகு இருந்தால் பெயின்ட் ஒட்டாது. துரு இருந்தால் வெறும் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை சுரண்டுங்கள். துருவின் மேல் பூசினால் அது உள்ளே வளர்ந்து கொண்டே போகும். வெறும் உலோகத்துக்கு முதலில் பிரைமர் வேண்டும். சிவப்பும் மஞ்சளும் அடியிலுள்ளதை மறைக்கும் சக்தி குறைந்தவை. பிரைமரின் நிறம் மேலே தெரியும். மாதிரி பார்க்கும்போதும் அதே பிரைமரின் மேல் பூசிப் பாருங்கள்.

பெயின்டை நன்றாகக் கலக்குங்கள். போத்தலோடு வரும் தூரிகை பெரும்பாலும் தடிப்பு. பல்குத்தும் குச்சியின் நுனி போதும். ஒரேயடியாக நிரப்பாமல், மெல்லிய பூச்சாக இட்டு, காய்ந்த பின் அடுத்ததை இடுங்கள். காயும்போது சுருங்குவதால் கடைசியில் சற்று மேடாக நிற்கட்டும். ஒரு வாரம் விட்டு, 2000 இலக்க வோட்டர் பேப்பரைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து மேட்டை மட்டும் தேய்த்து, பொலிஷ் போடுங்கள்.

தின்னர் இலகுவில் தீப்பற்றும். குசினிக்கு அருகில் வைக்காதீர்கள்; குடிதண்ணீர்ப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கக் கூடும் என்பதால் உலரத் தேய்க்காமல் நனைத்தே தேயுங்கள், பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள். கடினமாக்கி சேர்த்து விசிறும் பெயின்டில் ஐசோசயனேட் என்னும் நஞ்சு உண்டு. அது ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. அதை வீட்டு முற்றத்தில் அடிக்க விடாதீர்கள்.

காரை விற்கும் எண்ணம் இருந்தால், எந்த இடத்தில் பெயின்ட் பூசியது, அடியில் துரு இருந்ததா என்பதை வாங்குபவரிடம் சொல்லி விடுங்கள். குறையை மறைத்து விற்கும் காசு நமக்கு ஆகாது என்பது நீங்கள் அறிந்ததே.

எங்கள் கதவு இப்போது நன்றாக இருக்கிறது. ஆறடி தள்ளி நின்று பார்த்தால் காயம் இருந்த இடம் எனக்குத் தெரிவதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். காரைத் துடைக்கும்போது அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து விட்டு, மற்ற இடங்களைப் போலவே அதையும் துடைக்கிறார்.