மெல்லத் தொட்டு வென்றவர்

கொட்டிவாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து, திருவான்மியூர், அடையாறு தாண்டி மயிலாப்பூருக்குள் நுழைந்தால் ஆலிவர் சாலை வரும். முசிறி சுப்பிரமணியம் சாலை என்று பெயர் மாறிய பிறகும் பழைய ஆட்கள் வாயில் அது ஆலிவர் ரோடுதான். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை டென்னிஸ் அந்தச் சாலையில் வேர் பிடித்தது. தாத்தா டி.கே. ராமநாதன், அப்பா ராமநாதன் கிருஷ்ணன், மகன் ரமேஷ் கிருஷ்ணன். நடுவில் இருப்பவர் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதியில் அடுத்தடுத்து இரண்டு முறை ஆடியவர். அதன் பிறகு இன்றுவரை எந்த இந்திய ஆணும் அங்கே ஒற்றையர் ஆட்டத்தில் அந்தப் படியைத் தொடவில்லை.

நம் பகுதியில் விடிகாலையில் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ஃபெடரர், நடால், ஜோகோவிச் பற்றி அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். ராமநாதன் கிருஷ்ணனைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்க்காரர் என்ற பெருமைக்காக மட்டும் இல்லை. அவர் ஆடிய விதத்தில் இன்றைக்கும் படிக்க வேண்டிய பாடம் இருக்கிறது.

பையனாக ஒரு விம்பிள்டன்

கிருஷ்ணன் 1937 ஏப்ரல் 11 அன்று நாகர்கோவிலில் பிறந்தார். அப்பா ராமநாதன் தானே நல்ல ஆட்டக்காரர். மகனுக்கு அவர்தான் குரு. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோதே, கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமான பெர்ட்ரம் போட்டியில் லயோலா கல்லூரி முதல்வரின் சிறப்பு அனுமதியோடு களம் இறங்கி, பட்டத்தையும் வென்று வந்தார்.

1953-ல் விம்பிள்டன் சிறுவர் பிரிவின் இறுதியாட்டம் வரை போய், பிரிட்டனின் பில்லி நைட்டிடம் தோற்றார். அடுத்த வருடம் அதே இடத்துக்குத் திரும்பிப் போனார். இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி கூப்பரை வென்று கோப்பையை வாங்கினார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். தோற்ற கூப்பர் சாதாரண ஆள் இல்லை. நான்கே வருடத்தில், 1958-ல், பெரியவர்களுக்கான விம்பிள்டன் பட்டத்தையே வென்றார்.

பலத்துக்கு எதிரே அளவு

கிருஷ்ணனின் சர்வீஸ் வேகமானது இல்லை. எதிராளியைத் திகைக்க வைக்கும் பலமும் அவருடைய அடியில் கிடையாது. அவர் கையில் இருந்தவை நேரம், கோணம், தொடுகை ஆகிய மூன்றும். பந்து தரையில் பட்டு எழும் அந்தக் கணத்திலேயே அதை எடுத்துத் திருப்பும் ஹாஃப் வாலி, வலையருகே சாய்வாக வெட்டி விடும் வாலி, எதிராளி ஓடி வந்தாலும் எட்டாத இடத்தில் மெல்ல இறக்கும் டிராப் ஷாட் ஆகியவை அவருடைய ஆயுதங்கள். கேரம் ஆடுகிறவர்களுக்கு இது புரியும். ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடிப்பவனைவிட, எவ்வளவு தட்ட வேண்டும் என்று தெரிந்தவனிடம்தான் காய்கள் குழிக்குள் போகும்.

அந்தக் காலத்து மட்டை மரத்தால் ஆனது. அதன் முகம் இன்றைய மட்டையைவிட மிகச் சிறியது. பந்து சரியாகப் படும் இடமும் அதில் குறுகலாகவே இருக்கும். போதாக்குறைக்கு விம்பிள்டன் புல்தரையில் பந்து அதிகம் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு வரும். அங்கே கணக்குத் தப்பாமல் மென்மையாக ஆடுவதற்குக் கண்ணும் காலும் எவ்வளவு பழகியிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கிருஷ்ணனின் மென்மைக்கு அடியில் கடும் உழைப்பு இருந்தது.

1959-ல் லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் நீல் ஃப்ரேசரை வீழ்த்தினார். அதே வருடம் அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த டேவிஸ் கோப்பை ஆட்டத்தில் ராட் லேவரைத் தோற்கடித்தார். லேவர் அப்போதுதான் விம்பிள்டனில் இரண்டாம் இடம் பிடித்துவிட்டு வந்திருந்தார்.

1960 விம்பிள்டனில் கிருஷ்ணனுக்கு ஏழாம் தரவரிசை. அரையிறுதியில் ஃப்ரேசரிடம் தோற்றார். அந்த வருடம் பட்டத்தை வென்றவர் அந்த ஃப்ரேசர்தான். 1961 கால் இறுதியில் எதிரே நின்றவர் அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய சாம்பியன் ராய் எமர்சன். பின்னாளில் மொத்தம் 12 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களைக் குவித்தவர். அவரை 6-1, 6-4, 6-4 என்று ஒரு செட் கூடக் கொடுக்காமல் அனுப்பி வைத்தார் கிருஷ்ணன். அரையிறுதியில் லேவர் குறுக்கே வந்தார். அந்த முறையும் கிருஷ்ணனை வென்றவரே கோப்பையை எடுத்துப் போனார். 1962-ல் அவருக்கு நான்காம் தரவரிசை கிடைத்தது. கணுக்கால் காயத்தால் பாதியிலேயே விலக வேண்டியதாயிற்று.

வேண்டாம் என்று சொன்ன பணம்

1959-ல் ஜாக் கிராமர் ஓர் ஒப்பந்தத்தோடு வந்தார். உலகின் சிறந்த ஆட்டக்காரர்களைத் தன் தொழில்முறைக் குழுவில் சேர்த்து ஊர் ஊராக ஆட வைத்தவர் அவர். கிருஷ்ணனுக்கு அவர் நீட்டிய தொகை மூன்று வருடத்துக்கு 1,50,000 டாலர். கிருஷ்ணன் மறுத்துவிட்டார்.

அதன் எடை புரிய அன்றைய விதி தெரிய வேண்டும். பணத்துக்கு ஆடுகிறவர்களுக்கு விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் இடம் கிடையாது. 1968-ல்தான் இருதரப்புக்கும் விம்பிள்டன் கதவு திறந்தது. அதற்குள் கிருஷ்ணனுக்கு 31 வயது. கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பணக்காரர் ஆகியிருப்பார். 1960, 1961 அரையிறுதிகள் நமக்கு இருந்திருக்காது. டேவிஸ் கோப்பையில் இந்தியாவின் மிகப் பெரிய வருடமும் வந்திருக்காது.

கல்கத்தா, மெல்போர்ன்

அந்த வருடம் 1966. முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற நாடு இறுதியில் காத்திருக்கும், மற்ற நாடுகள் மண்டலம் மண்டலமாக ஜெயித்து அதை எட்ட வேண்டும் என்பது அக்கால முறை. இந்தியா மேற்கு ஜெர்மனியை வென்றது. அடுத்து கல்கத்தாவில் பிரேசில். ஆட்டங்கள் 2-2 என்று சமநிலையில் நிற்க, முடிவு கிருஷ்ணனுக்கும் தோமாஸ் கோச்சுக்கும் இடையிலான கடைசி ஒற்றையரில் வந்து நின்றது. கோச் இரண்டுக்கு ஒன்று என்று செட்களில் முன்னிலை. நான்காவது செட்டில் 5-2. இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் பிரேசில் இறுதிக்குப் போய்விடும். கிருஷ்ணன் அங்கிருந்து எழுந்தார். அந்த செட்டை 7-5 என்றும், கடைசி செட்டை 6-2 என்றும் முடித்தார். இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதியில் காலடி வைத்தது.

மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. நாம் எடுத்த அந்த ஒன்று சிறியது இல்லை. 1965 விம்பிள்டன் இரட்டையர் சாம்பியன்களான ஜான் நியூகோம்ப், டோனி ரோச் ஜோடியை, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் அவர்கள் மண்ணிலேயே தோற்கடித்தார்கள்.

நாடும் அவரை மதித்தது. 1961-ல் அர்ஜுனா விருது, 1962-ல் பத்மஸ்ரீ, 1967-ல் பத்மபூஷண். ஆட்டத்துக்குப் பிறகு சென்னையில் எரிவாயு முகமை நடத்திக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார்.

மகனுக்குப் போன கை

மகன் ரமேஷ் 1961 ஜூனில் பிறந்தார். தாத்தா ராமநாதன்தான் பேரனுக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். 1979-ல் ரமேஷ் பிரெஞ்சு, விம்பிள்டன் இரண்டிலும் சிறுவர் பட்டம் வென்றார். அப்பா வென்று சரியாக 25 வருடம் கழித்து அதே கோப்பை. அதற்குள் உலக டென்னிஸில் பலத்தின் ஆட்சி தொடங்கியிருந்தது. ரமேஷின் சர்வீஸ் மென்மையானது என்று குறை சொன்னவர்கள் உண்டு. அந்த மென்மையோடுதான் 1981, 1987 அமெரிக்க ஓபனிலும் 1986 விம்பிள்டனிலும் கால் இறுதிக்குப் போனார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போதைய உலக முதல்நிலை வீரர் மாட்ஸ் விலாண்டரை வீட்டுக்கு அனுப்பினார். 1987 டேவிஸ் கோப்பை அரையிறுதியில், சிட்னியில் கடைசி ஆட்டத்தை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனவரும் அவரே.

இந்தியா டேவிஸ் கோப்பை இறுதியை எட்டியது மூன்றே முறை: 1966, 1974, 1987. இவற்றில் 1974-ல் நிறவெறி அரசு நடந்த தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்துக் கோப்பையையே விட்டுக்கொடுத்தோம். மூன்று முறையும் அணியில் சென்னைக்காரர்கள் இருந்தார்கள். கிருஷ்ணன்கள், அமிர்தராஜ் சகோதரர்கள் என்று இந்த ஊர்தான் நாட்டின் டென்னிஸைத் தாங்கியது.

பெற்றோருக்கும் மாநகராட்சிக்கும்

உடம்பு முற்றாத பிள்ளையிடம் வேகத்தைக் கேட்டுத் தோளையும் முழங்கையையும் நோகடிக்காதீர்கள். பந்தை எங்கே வைக்க வேண்டும் என்று முதலில் கற்றுக்கொள்ளட்டும். வேகம் வயதோடு வரும். கைப்பக்குவத்தை இளவயதில் பழகாவிட்டால் பிறகு கொண்டுவருவது கடினம். தோற்ற போட்டிக்கே மறு வருடம் போய் வென்ற பையன் கிருஷ்ணன். பிள்ளைகளுக்கு அந்த அவகாசத்தைக் கொடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆலிவர் சாலைக் குடும்பத்துக்கு வீட்டிலேயே கோர்ட் இருந்தது, தினமும் கூட நின்று சொல்லித் தரப் பெரியவர் இருந்தார். அந்த வசதி எல்லா வீட்டுக்கும் வாய்க்காது. மாதக் கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகள் மட்டும் ஆடினால், குப்பத்துப் பிள்ளையின் கையில் இருக்கும் திறமை யாருக்கும் தெரியாமலே போய்விடும். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை எல்லாம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தவை. பூங்காவுக்கும் நடைபாதைக்கும் இடம் ஒதுக்குகிற மாநகராட்சி, இந்தக் கடலோரப் பகுதிக்குக் கட்டணம் இல்லாத ஒரு மண் கோர்ட்டும் ஒரு பயிற்சியாளரும் தர வேண்டும். அடுத்த வார்டு கூட்டத்தில் நாம் இதைக் கேட்போம்.