திரையில் தெரியும் நம்பர் உண்மை பேசுமா?
மூன்றாம் ஆண்டு, ஈ.சி.ஈ.



போன் மணி அடித்ததும் நம் கண் முதலில் போவது திரையில் வரும் நம்பருக்குத்தான். "நம்பரே வந்திருக்கே, அப்புறம் எப்படிப்பா பொய்யா இருக்கும்?" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இன்டர்நெட் போனில் காலர் ஐ.டி.யும் கால் ஃபார்வர்டிங்கும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால், அதற்கு நாமே பதில் சொல்லிவிடலாம்.

கம்பியும் கடிதமும்

பழைய லேண்ட்லைனில் எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை ஒரு ஜோடி செப்புக் கம்பி வரும். எந்தக் கம்பி யாருடையது என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியும். அதனால் கூப்பிடுபவரின் நம்பரை எக்ஸ்சேஞ்சே போட்டு அனுப்பியது. வீட்டில் சாதாரண போன் வைத்திருப்பவர் அதை மாற்ற வழியில்லை.

இன்டர்நெட் போனில் கம்பிக்கும் நம்பருக்கும் அந்த உறவு கிடையாது. இங்கே அழைப்பைத் தொடங்குவது, முடிப்பது எல்லாம் பெரும்பாலும் எஸ்.ஐ.பி. என்ற விதிமுறைப்படி நடக்கிறது. (மாதாமாதம் பணம் கட்டுகிற எஸ்.ஐ.பி. இல்லீங்க, இது வேற!) இன்று நடைமுறையில் உள்ள இதன் அடிப்படை ஆவணம் 2002-ல் வெளிவந்தது. நாம் டயல் செய்ததும் 'இன்வைட்' என்ற செய்தி ஒன்று போகிறது. அது வெறும் எழுத்துதான். யாருக்கு என்று ஒரு வரி, யாரிடமிருந்து என்று ஒரு வரி. இன்லேண்ட் லெட்டரில் அனுப்புநர் முகவரி எழுதுகிற மாதிரி! அந்த இடத்தில் யார் எதை எழுதினாலும் தபால் பெட்டி வேண்டாம் என்று சொல்லுமா?

ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருளைப் பாருங்கள். 1999-ல் அமெரிக்காவில் மார்க் ஸ்பென்சர் என்ற மாணவர், தன் சிறிய கம்பெனிக்கு பி.பி.எக்ஸ். வாங்கக் காசில்லாமல் தானே எழுதியது. இலவசமாகவே கிடைக்கிறது, லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தால் போதும், போட்டுப் பார்க்கலாம். அதில் காலர் ஐ.டி. என்பது நாம் எழுதுகிற ஒரே ஒரு வரி. அடுத்துள்ள சேவை நிறுவனம் "இந்த நம்பர் உன்னுடையதா?" என்று சரிபார்த்தால் பொய் அங்கேயே நிற்கும். பார்க்காவிட்டால் நேராக நம் திரைக்கு வந்துவிடும்.

ஃபார்வர்டிங் நடப்பது எப்படி?

இன்டர்நெட் போன் ஆன் ஆனதும், "நான் 201, இந்த ஐ.பி. முகவரியில் இருக்கிறேன்" என்று சர்வரில் பதிவு செய்துகொள்ளும். 201-க்கு அழைப்பு வந்தால் சர்வர் அந்தப் பட்டியலைப் பார்த்து அனுப்பும். ஃபார்வர்டிங் என்பது அந்தப் பட்டியலோடு சேர்ந்த ஒரு கட்டளை. எல்லா அழைப்பையும் திருப்பு, பிஸியாக இருந்தால் திருப்பு, எடுக்காவிட்டால் திருப்பு, தொடர்பில் இல்லாவிட்டால் திருப்பு என்று நான்கு வகை.

சர்வர்கள் எண்களால் பேசிக்கொள்ளும். 180 என்றால் மணி அடிக்கிறது. 486 என்றால் பிஸி. 181 என்றால் அழைப்பு திருப்பிவிடப்படுகிறது. 302 என்றால் "ஆள் இங்கே இல்லை, அங்கே போய்க் கேள்".

நான் உனக்குத் திருப்பி, நீ எனக்குத் திருப்பினால்? அழைப்பு சுற்றிக்கொண்டே இருக்குமே! அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். செய்தியோடு வழக்கமாக 70 என்ற எண் கிளம்பும். ஒவ்வொரு சர்வரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும். பூஜ்யமானால் 483, அதாவது தாண்டல் அதிகமாகிவிட்டது என்று திரும்பிவிடும்.

இரண்டும் சேரும் இடம்

ஒரு டாக்டர் கிளினிக் போனைத் தன் செல்லுக்குத் திருப்பி வைத்திருக்கிறார். ராத்திரி நோயாளி கூப்பிட்டால் திரையில் யார் நம்பர் வர வேண்டும்? நோயாளியின் நம்பர்தானே! ஆனால் அழைப்பை செல்லுக்கு அனுப்புவது கிளினிக் சர்வர். தன்னுடையதல்லாத நம்பரை அது காட்டியாக வேண்டும். அதனால்தான் "அவரவர் நம்பரைத் தவிர வேறெதையும் காட்டக்கூடாது" என்று ஒரேயடியாகப் பூட்டிவிட முடியவில்லை. டாக்டருக்காகத் திறந்த கதவில் திருடனும் நுழைகிறான்.

இதற்கு மருந்து தபால் முத்திரை மாதிரி ஒன்று. அழைப்பு கிளம்பும் இடத்திலேயே சேவை நிறுவனம் டிஜிட்டல் கையெழுத்து போடும். அமெரிக்காவில் 2021 ஜூன் 30 முதல் பெரிய நிறுவனங்களின் இன்டர்நெட் வழி நெட்வொர்க்குகளில் இது கட்டாயம். நம் நாட்டில், இந்திய நம்பரைப் பொய்யாகக் காட்டி வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பு 2024 அக்டோபர் 22-ல் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. அம்மாடியோவ்!

ஃபார்வர்டிங்கிலும் மோசடி உண்டு. "சிம்மில் கோளாறு, ஸ்டார் 401 ஸ்டார் போட்டு இந்த நம்பரை அடிங்க" என்பான். அடித்தால் நம் அழைப்பெல்லாம் அவனுக்குப் போகும். எஸ்.எம்.எஸ். போகாது, ஆனால் குரலில் சொல்லப்படும் ஓ.டி.பி. அவன் காதில் விழும். இதனால்தான் இப்படிக் குறியீடு அடித்து ஃபார்வர்டிங் செய்யும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது.

நாம் செய்ய வேண்டியது

எங்க வீட்ல முதன்முதலா படிக்க வந்தவன் நான். பேங்க் மெசேஜானாலும் கேஸ் புக்கிங்கானாலும் போன் என் கைக்குத்தான் வரும். நான் ஹாஸ்டலில் இருக்கும் நாட்களில் அதே போன் அப்பா கையில் தனியாக இருக்கிறது. உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் என்று தெரியும். அதனால் இந்த லீவில் மூன்று விஷயம் வீட்டில் சொல்லுங்கள்.

ஒன்று, பேங்க் நம்பரே திரையில் வந்தாலும் கட் செய்துவிட்டு, பாஸ்புக்கில் உள்ள நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும். இரண்டு, யார் சொன்னாலும் ஸ்டார், ஹேஷ் போட்டு எதையும் அடிக்கக் கூடாது. மூன்று, பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் பேச வேண்டும்.

செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் என்ற இடத்தைத் திறந்து, தெரியாத நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாம் படிக்கிற டிப்ளமோ முதலில் நம்ம வீட்டுக்கு உதவட்டும்!