மனிதரையே நாடும் நோய்களும் மன்னாரின் கிணறுகளும்

மலேரியா அற்ற நாடு என 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கைக்குச் சான்றளித்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் இனங்காணப்பட்டிருந்தார். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், அதே ஆண்டு டிசம்பரில், மன்னார் தீவில் புதியதொரு நுளம்பு கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சியே அது. ஆற்றுக் குட்டைகளில் பெருகும் நமது பழைய மலேரியா நுளம்பைப் போலன்றி, கட்டுக்கிணறுகளிலும் நீர்த்தாங்கிகளிலும் முட்டையிடுவது அதன் இயல்பு. பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது.

நுளம்பு வந்துவிட்டது, நோய் இன்னமும் திரும்பவில்லை. நுளம்பு தானாக மலேரியாவை உண்டாக்குவதில்லை. கிருமியுள்ள குருதியை உறிஞ்சிய பின்னரே அதனால் நோயைப் பரப்ப முடியும். மன்னார் வீதிகளில் திரியும் கழுதைகளையோ தொழுவத்து மாடுகளையோ கடித்துவிட்டு வரும் நுளம்பினால் மனித மலேரியாவைக் கொண்டுவர முடியாது. அதற்கு இன்னொரு மனிதர் நோயுற்றிருக்க வேண்டும். கிருமிகள் இவ்வாறு உயிரினம் பார்த்துத் தொற்றுவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அண்மைக் காலத்தில் தெளிவாகியுள்ள ஒன்றை வாசகர்கள் அறிந்திருப்பது பயன்தரும்.

நமது உடற்கலங்கள் ஒவ்வொன்றின் மேற்பரப்பையும் சர்க்கரை மூலக்கூறுகள் போர்வைபோல் மூடியுள்ளன. அப்போர்வையின் நுனியில் இருப்பது சியாலிக் அமிலம். பாலூட்டிகளில் இதற்குப் பிரதானமாக இரு வடிவங்கள் உண்டு. ஆடு, மாடு, சிம்பன்சி போன்ற பெரும்பாலான பாலூட்டிகளின் உடல் இரண்டையும் ஆக்குகின்றது. மனித உடல் ஒன்றை மட்டுமே ஆக்குகின்றது. மற்றையதை ஆக்குவதற்கான பரம்பரை அலகு பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே நமது மூதாதையரிடம் செயலிழந்துவிட்டது. இரு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒரேயொரு ஒட்சிசன் அணு. இந்த இழப்பை 1998 இல் வெளிப்படுத்திய ஆய்வாளர்களில் முக்கியமானவரான அஜித் வர்க்கி, தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஓர் அணுவினால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். கொடிய வகை மலேரியாவை உண்டாக்கும் பல்சிபாரம் ஒட்டுண்ணி செங்குழியத்தினுள் நுழைவதற்குச் சியாலிக் அமிலத்தைப் பற்றிக்கொள்கின்றது. அதன் நெருங்கிய உறவான சிம்பன்சி மலேரியா ஒட்டுண்ணி, மனிதர் இழந்துவிட்ட வடிவத்தையே நாடுகின்றது. பல்சிபாரமோ மனிதரிடம் உள்ள வடிவத்தை நாடுகின்றது. 2005 இல் வெளியான ஆய்வொன்று இதனை எடுத்துக்காட்டியது. பூட்டை மாற்றியதால் மனித இனம் பழைய மலேரியாவிடமிருந்து சில காலம் தப்பியிருக்கலாம் என்றும், பின்னர் புதிய பூட்டுக்கேற்ற திறப்புடன் பல்சிபாரம் தோன்றியது என்றும் அந்த ஆய்வாளர்கள் கருதுகின்றனர். செங்குழியத்தில் நுழைய அதற்கு வேறு வழிகளும் உண்டு என்பதையும், மலேரியாவின் எல்லா வகைகளுக்கும் இவ்விளக்கம் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நெருப்புக் காய்ச்சலும் இத்தகையதே. அதன் கிருமி வெளிவிடும் நஞ்சு மனித வடிவச் சியாலிக் அமிலத்திலேயே ஒட்டுகின்றது என்பது 2014 இல் அறியப்பட்டது. அந்நோய் மனிதரிலிருந்து மனிதருக்கு, அசுத்தமான நீரினாலும் உணவினாலும் பரவுகின்றது.

இதே மூலக்கூறு வேறு சில வேளைகளில் நமக்குக் காவலாகவும் நிற்கின்றது. 2010 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலை சரணாலயத்துக்குப் பூநாரைகளும் மத்திய ஆசியாவிலிருந்து வரும் வேறு பறவைகளும் ஆண்டுதோறும் வருகின்றன. அவ்வாறான நீர்ப்பறவைகளில் வாழும் இன்புளுவென்சா வைரசுகளும் சியாலிக் அமிலத்திலேயே ஒட்டுகின்றன. ஆனால் அமிலம் அடுத்த சர்க்கரையுடன் இணைந்திருக்கும் விதம் பறவையின் குடலில் ஒருவாறும், மனிதரின் மேற்சுவாசப் பாதையில் வேறொருவாறும் உள்ளது. பறவைக் காய்ச்சல் மனிதரிடையே இலகுவில் பரவாமைக்கு இது ஒரு முக்கிய காரணம். எனினும் நமது நுரையீரலின் ஆழத்தில் பறவை வகை இணைப்பும் உண்டு. 1997 இல் ஹொங்கொங்கில் 18 பேரைத் தொற்றி அறுவரைப் பலிகொண்ட வைரசு இந்தக் காவலும் முழுமையானதல்ல என்பதை உணர்த்தியது. இறந்து கிடக்கும் பறவைகளை வெறுங்கையால் தொடாதிருப்பதும் அதிகாரிகளுக்கு அறிவிப்பதும் போதுமான முன்னெச்சரிக்கை; பறவைகளைப் பகைக்க வேண்டியதில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. பறவைக் காய்ச்சலை உலகிலிருந்து ஒழிப்பது நம் கையில் இல்லை. அதன் இருப்பிடம் வானத்தில் பறக்கின்றது. பல்சிபாரம் மலேரியாவினதும் நெருப்புக் காய்ச்சலினதும் இருப்பிடமோ நாமே. நம்மை மட்டுமே நம்பி வாழும் பகைவனை நம்மால் பட்டினிபோட முடியும். மலேரியாவில் இலங்கை அதைச் செய்தும் காட்டியது.

ஆனால் செய்ததைக் காக்கத் தவறிய வரலாறும் நமக்கு உண்டு. 1963 இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகளே இருந்தனர். கண்காணிப்புத் தளர்ந்தது. 1969 ஆம் ஆண்டில் எண்ணிக்கை 5 இலட்சத்தைக் கடந்தது. போர்க்காலத்தில், 1999 இல், 2 இலட்சத்து 64 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர். வன்னிக் காடுகளில் தஞ்சமடைந்த தமிழ் மக்களும், 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் கொட்டில்களில் வாழ்ந்த முஸ்லிம் மக்களும் அந்தக் குளிர்காய்ச்சலை மறந்திருக்க மாட்டார்கள். அது இனமும் மதமும் பார்த்து வரவில்லை.

இன்று வெளிநாடுகளிலிருந்து திரும்புவோர் சிலரிடம் மலேரியா இனங்காணப்பட்டே வருகின்றது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீற்றர் கடலே உள்ளது. ஆகவே, மலேரியா உள்ள நாடுகளுக்குச் சென்று வந்தவர் காய்ச்சல் கண்டால், அதனை மருத்துவரிடம் கூறி உடனே குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கிணறுகளை வலையால் மூடுவதும், குடம்பிகளை உண்ணும் குப்பி மீன்களை விடுவதும், நீர்த்தாங்கிகளைத் திறந்து வைக்காதிருப்பதும் ஒவ்வொரு வீட்டாரின் கடமை. சோதிக்க வரும் சுகாதார உத்தியோகத்தருக்குக் கதவைத் திறந்துவிடுவதும் அதில் அடங்கும். பள்ளிவாசல்களும் ஆலயங்களும் தேவாலயங்களும் இதனை மக்களிடம் எடுத்துச் சொல்லலாம். நோயாளி இல்லாத ஊரில் மலேரியாத் தடை இயக்கத்துக்கு எதற்குப் பணமும் ஆளும் என்ற எண்ணம் அரசுக்கு எழலாகாது. 1963 இன் பின்னர் நேர்ந்ததை நாடு இன்னொரு முறை காண வேண்டியதில்லை.